சும்மா நிற்கும் தூண்கள்

வீடு கட்டுகிறவர்களிடம் அண்மைக் காலத்தில் ஒரு புதிய பணிவு வந்திருக்கிறது. முன்பெல்லாம் நாலு காசு சேர்த்தவர் வீடு கட்டினால், பார்க்கிறவர்கள் அதன் செல்வத்தைக் கண்டு மலைக்க வேண்டும் என்று கட்டுவார். இப்போது அதன் எளிமையைக் கண்டு மலைக்க வேண்டும் என்று கட்டுகிறார். மண் நிறச் சுவர், மேற்பூச்சு இல்லாத செங்கல், சிவப்புத் தரை, மூங்கில் தட்டி, கோரைப் பாய், மூலையில் ஒரு பித்தளை அண்டா. அந்த அண்டாவில் தண்ணீர் இராது. ஒரு செடி இருக்கும். எல்லாம் இயற்கை, எல்லாம் நம் மரபு, பூமிக்கு எதனாலும் கேடு இல்லை என்று வீட்டுக்காரர் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வருவார். நாமும் "பேஷ், பேஷ்" என்று சொல்லிக்கொண்டே பின்னால் போவோம். இவ்வளவு எளிமைக்கு என்ன செலவாயிற்று என்று மட்டும் கேட்கக் கூடாது.

கேலி செய்வது சுலபம். ஆனால் இந்த மோகத்துக்குப் பின்னால் ஒரு நல்ல எண்ணமும் இருக்கத்தான் செய்கிறது. சிமெண்டு என்பது சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 1450 டிகிரி வெப்பத்தில் சூளையில் வேகவைத்துச் செய்வது. எரிக்கிற எரிபொருளிலிருந்து கரியமில வாயு வருகிறது என்றால், வேகிற கல்லிலிருந்தும் அது வருகிறது. மனிதர்கள் காற்றில் கலக்கவிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழு, எட்டுப் பங்கு சிமெண்டினால் வருவது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மணலுக்காகப் பாலாற்றையும் செய்யாற்றையும் நாம் என்ன பாடு படுத்தியிருக்கிறோம் என்பதைக் காஞ்சிபுரத்துப் பக்கத்துக்காரர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இந்த நிலையில் ஒருவர், "என் வீட்டினால் உலகத்துக்குக் கேடு வேண்டாம், ஆனால் பார்க்க லட்சணமாகவும் இருக்கட்டும்" என்று நினைத்தால் அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

என் சந்தேகம் வேறு. அந்த லட்சணத்தை அவர் எங்கே போய்த் தேடுகிறார்? பெரும்பாலும் ஏழை வீட்டில். அல்லது ஒரு காலத்தில் ஓரளவு வசதியாக இருந்து இன்று நொடித்துப்போன வீட்டில். அங்கிருந்து எதை எடுத்துக்கொண்டு வருகிறார், எதை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்? ரசனையைப் பற்றிய கேள்வி போல இது தோன்றினாலும், தர்மத்தைப் பற்றிய கேள்வி என்றே எனக்குப் படுகிறது.

பிரான்சு தேசத்து ராணி மரீ அந்துவானெத் 1783-ல் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்துக்குள் ஒரு குக்கிராமத்தையே கட்ட ஏற்பாடு செய்தாள். கூரை வேய்ந்த வீடுகள், ஒரு குளம், ஒரு பால்பண்ணை எல்லாம் அமைந்தன. வீடுகள் புத்தம் புதியவையாக இருந்தபடியால் கிராமத்து வீடுகள் மாதிரித் தோன்றவில்லை. ஆகவே சுவர்களில் வெடிப்பு விட்டிருப்பது போல வர்ணம் தீட்டச் செய்தார்கள். வெளியே இற்றுப்போன குடிசை. உள்ளே அரண்மனைச் சுகம். பத்தே வருஷத்தில் அரசியின் தலை போயிற்று. தலை போனதற்கு இந்தக் கிராமம் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நாட்டில் நிஜமாகவே வெடித்துக்கொண்டிருந்த சுவர்கள் எத்தனையோ இருக்க, வர்ண வெடிப்பைப் பார்த்து ரசித்த அந்தக் கண்களை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

அந்தக் கதையோடு சேவாகிராமத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும். 1936-ல் காந்திஜி அங்கே குடியேறியபோது, தமக்காகக் கட்டும் வீட்டுக்கு 500 ரூபாய்க்கு மேல் செலவாகக் கூடாது, சாமான்களும் ஆட்களும் அக்கம்பக்கத்திலிருந்தே வர வேண்டும் என்று நிபந்தனை போட்டார். மண்ணும் மூங்கிலும் ஓடும்தான் வீடு. பார்க்கப் போனால் அரசியின் குடிசையும் குடிசை, இவருடையதும் குடிசை. வித்தியாசம் கூரையில் இல்லை. ஒரு வீடு அக்கம்பக்கத்தோடு உறவு கொண்டது. மற்றது அக்கம்பக்கத்தை வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டு அதன் சாயலை மட்டும் உள்ளே வரவழைத்தது. காந்திஜியை ஏழ்மையில் வைத்திருக்க எவ்வளவு பணம் செலவாகிறது என்பது அவருக்கே தெரியாது என்று சரோஜினி தேவியார் வேடிக்கையாகச் சொன்னதாக ஒரு பேச்சு வழங்கி வருகிறதே, அதையும் நான் மறக்கவில்லை. எளிமைக்கும் செலவு உண்டு. அந்தச் செலவு யார் கைக்குப் போகிறது என்று கேட்டால் விஷயம் கொஞ்சம் தெளிவாகும்.

இதை எனக்குத் தெளிவாக்கியவர் திருப்புலிவனத்தில் ஒரு பெரியம்மா.

என் நண்பர் ஒருவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுச் சென்னைக்குத் தெற்கே வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்கு வரைபடம் போட்டுக் கொடுத்த இளைஞர், "சார், நீங்கள் நாலு கிராமத்து வீடுகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். பார்த்தால் யோசனை தானாகத் தோன்றும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். நண்பர் தம் மனைவியையும் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். காஞ்சிபுரத்தில் புடவை வாங்கினோம். (வீடு பார்க்கப் போகிறவர்கள் காஞ்சிபுரத்தில் ஏன் புடவை வாங்க வேண்டும் என்று கேட்பவர் கல்யாணம் ஆகாதவராக இருக்க வேண்டும்.) பிறகு உத்திரமேரூர் சாலையில் போனோம். ஊர் வருவதற்குச் சற்று முன்னால் திருப்புலிவனம்.

அங்கே வியாக்கிரபுரீசுவரர் கோயில் இருக்கிறது. புலிக்கால் முனிவர் வழிபட்ட தலம். தேனீ வாய் வைக்கும் முன் பூப்பறித்துச் சுவாமிக்குச் சாத்த வேண்டும் என்று ஆசைப்பட்ட அவர், விடியுமுன் இருட்டில் வழுக்காமல் மரம் ஏறுவதற்காகப் புலியின் காலைக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்பது கதை. எனக்கு எப்போதுமே பிடித்த கதை இது. பூ வேண்டும் என்பதற்காக அவர் மரத்தை வெட்டிச் சாய்க்கவில்லை; தம்முடைய காலை மாற்றிக்கொண்டார்.

தரிசனம் முடித்துத் தெருவில் நடந்தபோது ஒரு நாட்டு ஓட்டு வீட்டைக் கண்டு நண்பர் நின்றுவிட்டார். இரண்டு பக்கமும் திண்ணை. திண்ணை விளிம்பில் நான்கு மரத் தூண்கள். ஓடு பல இடங்களில் சரிந்திருந்தது. ஓரிடத்தில் நீல நிறப் பிளாஸ்டிக் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். நாங்கள் பார்ப்பதைப் பார்த்து உள்ளேயிருந்து ஒரு பெரியம்மா வந்தார்.

"வாங்க, ஒக்காருங்க. வெயிலு. மோரு தரட்டுமா?" என்றார். நாங்கள் யார் என்று கேட்கவில்லை. அதற்குள் உட்கார வைத்தாகிவிட்டது.

நண்பரின் மனைவி தூணைத் தடவிப் பார்த்தார். "இந்த வீட்டை யாரம்மா இவ்வளவு அழகாகக் கட்டினது?"

"எம் மாமனாருதாம்மா. செவுரு ஏரி மண்ணு. ஓடு நம்மூரு குசவரு சூளை. மேல இருக்கிற வாரையெல்லாம் நம்ம பனைதான். தூணு வேம்பு. கொல்லையில நின்ன மரம்."

"தேக்கு இல்லையா?" என்று நண்பர் கொஞ்சம் வாடினார். பிறகு, "வேம்பும் நல்லதுதான். கரையான் அண்டாது" என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

நான் அந்தச் சுவரைப் பார்த்தேன். மண், ஓடு, பனை, வேம்பு எல்லாம் கூப்பிடு தூரத்தில் கிடைத்தவை. சூழலுக்குக் கேடில்லாத வீடு என்று எந்த நிபுணரும் சான்றிதழ் கொடுத்துவிடுவார். கட்டியவர் மனத்தில் அப்படிப்பட்ட எண்ணம் எதுவும் இருந்திராது. தூரத்திலிருந்து கொண்டுவர வழி இல்லை. பக்கத்தில் இருந்ததைக் கொண்டு நன்றாகச் செய்தார். ஏரியில் தூர் எடுத்தால் மண் வயலுக்கும் போகும், சூளைக்கும் போகும், சுவருக்கும் வரும். வீட்டுக்காக ஏரி கெடவில்லை, கொஞ்சம் ஆழமாயிற்று.

பெரியம்மா மோர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஓடு மாத்தறதுக்கு ஆளு கெடைக்கல தம்பி. அதான் இந்தக் கோலம்."

நாட்டு ஓட்டு வீட்டில் பழகாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். நாட்டு ஓடு ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்து வைப்பது. பூனை ஓடும், குரங்கு குதிக்கும், தேங்காய் மட்டை விழும். வருஷத்துக்கு ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன்னால், எல்லா ஓட்டையும் எடுத்து, உடைந்ததைக் கழித்து, வாரையைத் தட்டிப் பார்த்து, மறுபடி அடுக்க வேண்டும். அதற்குத் தெரிந்த கை வேண்டும். அந்தக் கை ஒன்று காலமாகிவிட்டது. இன்னொரு கையின் பிள்ளைக்குக் கம்பெனி வேலை. விடியற்காலையில் ஒரகடத்திலிருந்து பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. மாதம் பிறந்தால் சம்பளம். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "நீ வெயிலில் ஓட்டின்மேல் ஏறு, நம் மரபு அழியக் கூடாது" என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

"அடுத்த மழைக்குத் தாங்காதுன்னு மவன் சொல்றான். முன்பக்கம் இடிச்சுட்டு ஒரு ரூமு காங்கிரீட்டு போட்டுடலாம்ங்கறான். ஓடு மாத்த ஆளு கெடச்சா, நா இருக்கிற வரைக்கும் இப்படியே ஓட்டிடுவேன்."

நண்பர் மெதுவாகத் தூண்களைப் பற்றிப் பேச்சை எடுத்தார். இடிப்பதானால் தாமே நல்ல விலை கொடுத்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். பெரியம்மா கோபப்படவில்லை, யோசித்தார்.

"வாங்கிப் போயி இன்னா பண்ணுவீங்க?"

"ஹாலில் நிறுத்துவோம் அம்மா."

"மேல எதத் தாங்கும்?"

"மேலே கான்கிரீட். அது தானாகவே நின்றுகொள்ளும்."

பெரியம்மா தூணைப் பார்த்தார், நண்பரைப் பார்த்தார். "அப்ப இது சும்மா நிக்குமா?"

அதில் குத்தல் எதுவும் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். நண்பர் பதில் சொல்லாமல் சிரித்தார். பொங்கல் கழித்து வந்து பேசுவதாகச் சொல்லிக் கிளம்பினோம்.

தூண்களின் கீழ்ப்பகுதியில், உட்கார்ந்தவர்களுடைய முதுகு படும் உயரத்தில், மரம் கறுத்து வழவழவென்று இருந்தது. எத்தனை பேருடைய எண்ணெயும் வியர்வையுமோ! நண்பரின் மனைவி, "இதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போய்விடும்" என்றார் காரில்.

திண்ணையைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய வீட்டின் அழகுகளில் முதல் அழகு திண்ணை என்று எல்லாரும் சொல்லுகிறார்கள். புதிய எளிமை வீடுகளிலும் திண்ணை கட்டுகிறார்கள். நான் பார்த்த மூன்று வீடுகளில் திண்ணை இருந்தது. மூன்றிலும் அதற்கு முன்னால் ஆள் உயர மதில், மதிலில் இரும்புக் கதவு, கதவில் ஒரு காமிரா. திண்ணை என்பது வீட்டில் வீட்டுக்காரனுக்குச் சொந்தமில்லாத பாகம். வழிப்போக்கனுக்காக, மழைக்கு ஒதுங்குகிறவனுக்காக, விற்க வருகிற கூடைக்காரிக்காகக் கட்டியது. அதிலும் எல்லாச் சாதியாரையும் நம் ஊர்த் திண்ணைகள் உட்கார வைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடத்தான் வேண்டும். பழமையைப் புகழும்போது நமக்குச் சௌகரியமாக மறந்துபோகிற சங்கதி அது. சரி, அந்தக் குறையைப் போக்கி, திண்ணையை இன்னும் அகலமாகத் திறந்து வைப்பதல்லவா மரபைத் திருத்திக் கொள்வது? நாமோ திண்ணையை வைத்துக்கொண்டு வழிப்போக்கனைக் கழித்துவிட்டோம்.

அன்றே உத்திரமேரூருக்கும் போனோம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறதல்லவா? முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியவை. வாரியத்துக்கு நிற்கிறவருக்கு வயது 35-க்குக் குறையாமல் 70-க்கு உட்பட்டு இருக்க வேண்டும். கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் வேண்டும். வேதப் படிப்பு வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்க முடியாது. நிலமில்லாதவருக்கும் பெண்களுக்கும் அதில் இடம் இல்லை. அது அந்தக் காலத்துக் கோணல். ஆனால் ஒரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. வீட்டைக் கேட்கிறார்களே தவிர, அது எப்படிப்பட்ட வீடு என்று கேட்கவில்லை. மாடியா, ஓடா, தூண் எத்தனை என்ற பேச்சே இல்லை. ஊர் கூப்பிட்டுக் கணக்குக் கேட்டால் வந்து பதில் சொல்வதற்கு ஒரு வாசல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதே சபையில் ஏரியைக் கவனிக்கத் தனியாக ஒரு வாரியமும் இருந்தது. சுவருக்கு மண் கொடுத்த ஏரிக்குக் கணக்குச் சொல்ல ஆள் இருந்தது என்று பொருள்.

பழையதெல்லாம் பூமிக்கு நல்லது என்று நான் சொல்வதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. இப்போது எல்லாரும் பார்த்து மாதிரி எடுக்கிற செட்டிநாட்டு மாளிகைகளுக்குப் பர்மாவிலிருந்து தேக்கும், இத்தாலியிலிருந்து பளிங்கும், பெல்ஜியத்திலிருந்து கண்ணாடியும் கப்பலில் வந்தன. அழகான வீடுகள், அக்கம்பக்கத்துப் பொருளை மட்டுமே நம்பிய வீடுகள் அல்ல. ஆத்தங்குடிக் கல்லிலும் சிமெண்டு உண்டு. கூரையைப் பற்றிப் பேசினாலோ எனக்குத் தொண்டை அடைக்கிறது. 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் கீற்றுக் கூரையில் தீப்பிடித்து 94 குழந்தைகள் மாண்டார்கள். குடிசையில்லாத தமிழ்நாடு வேண்டும் என்று 2024-ல் கலைஞரின் கனவு இல்லம் என்ற திட்டத்தை அரசாங்கம் தொடங்கி, குடிசைவாசிகளுக்கு 360 சதுர அடியில் கான்கிரீட் கூரை போட்ட வீடு கட்டித் தர முற்பட்டது. நெருப்புக்குப் பயந்து ஒவ்வொரு கோடையையும் கழித்தவர்கள் அந்தக் கான்கிரீட்டை ஆசையோடு அண்ணாந்து பார்ப்பார்கள். அவர்களிடம் போய் ஓலையின் குளிர்ச்சியைப் பற்றி உபந்நியாசம் செய்கிற துணிச்சல், குளிர்சாதன அறையில் தூங்குகிறவர்களுக்குத்தான் வரும்.

பெரியம்மாவின் மகன் கான்கிரீட் அறை கேட்பதும் அப்படித்தான். அதில் தவறு காண நான் யார்? நம்முடைய கண்ணுக்கு விருந்தாக அவர்கள் ஒழுகுகிற ஓட்டின்கீழ் இருக்க வேண்டுமா?

ஆக, அவர்கள் பழையதை விட்டுவிட்டுப் போகிறார்கள். நாம் அதை எடுக்க வருகிறோம். எடுத்துக்கொள்வதே குற்றம் என்றும் நான் நினைக்கவில்லை. லாரி பேக்கர் என்று ஒரு கட்டிடக் கலைஞர் இருந்தார். 1917-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்தபோது காந்திஜியைச் சந்தித்தார். நல்ல வீடு என்பது ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருள்களால் கட்டியதாக இருக்க வேண்டும் என்ற காந்திஜியின் கருத்து அவர் மனத்தில் ஊறிப்போயிற்று. பின்னால் திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007-ல் காலமாகும் வரை ஏழைகளுக்கும் நடுத்தரக் குடும்பங்களுக்கும் கட்டிக்கொடுத்தார். அவரும் இடிந்த வீட்டுக் கதவுகளையும் ஜன்னல்களையும் தேடித் தேடி வாங்கினார். ஆனால் கதவைக் கதவாகவே வைத்தார். ஜன்னலை ஜன்னலாகவே வைத்தார். கான்கிரீட் தளத்தின் அடிப்பாகத்தில் உள்ள கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை என்று கண்டு, அந்த இடத்தில் ஓடுகளை வைத்து நிரப்பினார். சிமெண்டும் குறைந்தது, அறையும் குளிர்ந்தது, அண்ணாந்து பார்த்தால் ஓடுகளே கோலம் போட்டது போல இருந்தன. செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டி, நாலில் ஒரு பங்கு செங்கல்லை மிச்சம் பிடித்தார். அந்த அழகு வேலை செய்கிற அழகு. மிச்சமான பணத்தில் ஒரு பகுதி கொத்தனார் கைக்குப் போயிற்று. ஏனென்றால் அப்படிக் கட்டுவதற்குக் கவனமான கை வேண்டும்.

மனையே இல்லாமல், இரண்டு அறை ஃபிளாட்டில் இருக்கிறவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படிப்பட்ட இரண்டு அறையில்தான் இருக்கிறேன். என் அறையில் பிரம்பு பின்னிய நாற்காலி ஒன்று இருக்கிறது. சென்ற வருஷம் அதன் பிரம்பு அறுந்தது. அதை எறிந்துவிட்டு, அதைப் போலவே 'பழைய மாதிரி'யில் ஒரு புது நாற்காலி வாங்கியிருந்தால் விலையும் அதிகமில்லை, வீட்டுக்கும் வந்துவிடும். பிரம்பு பின்னுகிறவரைத் தேட எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அவர் வந்து இரண்டு நாள் வராந்தாவில் உட்கார்ந்து பின்னினார். அந்த இரண்டு நாளும் அடுக்கு மாடியின் குழந்தைகள் எல்லாரும் அங்கேயேதான் இருந்தார்கள். மூன்றாம் வீட்டு அம்மாளின் நாற்காலியும், ஐந்தாம் வீட்டுக்காரரின் ஊஞ்சல் பலகையும் அவர் கைக்குப் போயின.

நண்பர் போன வாரம் டெலிபோன் செய்தார். பெரியம்மாவின் கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை என்று தெரிந்தது. ஹாலில் தூண் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாராம். அதற்குப் பதிலாக மதிலை ஐந்தடி உள்ளே தள்ளி, தெருவைப் பார்த்து ஒரு திண்ணை கட்டி, அதன்மேல் நாட்டு ஓட்டுத் தாழ்வாரம் இறக்கி, அதைத் தூண்கள் தாங்கும்படி செய்யலாமா என்று பொறியாளரைக் கேட்டிருக்கிறார். பொறியாளர் தாராளமாகச் செய்யலாம் என்றாராம். திருப்புலிவனத்துத் தூண்கள் கிடைக்காவிட்டால் வேறு வேம்பு பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாராம்.

"எல்லாம் சரி. ஆனால் வருஷா வருஷம் அந்த ஓட்டை மாற்ற ஆள் வேண்டுமாமே? உங்களுக்கு யாரையாவது தெரியுமா?" என்று கேட்டார்.

இரண்டு பேரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஒருவர் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கிழவர் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் அகப்பட்டால் முதல் வேலையாகத் திருப்புலிவனத்துக்கு அழைத்துப் போக வேண்டும். நண்பர் வீட்டுத் தாழ்வாரம் அதற்கு அப்புறம்தான். ஐப்பசிக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது.